கைவசம் ஒரு அட்டை

1

அய்யா இறந்து இந்தக் கார்த்திகையோடு பதினோரு வருஷம் ஆகிறது. அந்த நாளில் இங்கே நான் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. காலையில் குளித்துவிட்டு அவர் படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு ஏற்றுவேன். வசந்தி சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்துப் படைப்பாள். கும்பிட்டுவிட்டுப் பஸ் பிடித்து வேலைக்குப் போய்விடுவேன். இந்த வருஷம் அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அதைப் படித்ததிலிருந்து அவர் படத்தை நேராகப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பரளச்சிப் பக்கம் கரிசக்காட்டில் பருத்தியும் குதிரைவாலியும் போட்ட குடும்பம். படித்தது அருப்புக்கோட்டையில். இங்கிலாந்துக்கு வந்து பத்தொன்பது வருஷம். ஒரு பெரிய கிடங்கில் இருப்புச் சரிபார்ப்பதுதான் வேலை. கம்ப்யூட்டர் நூற்றிருபது பெட்டி என்று சொல்லும். நான் நேரில் போய் எண்ணி, நூற்றுப் பதினெட்டு என்பேன். குறைகிற இரண்டுக்கு யாராவது ஒருவன் பதில் சொல்லியாக வேண்டும். கூடினாலும் அப்படித்தான். எங்கள் கிடங்கில் கூடுதல் என்பதும் ஒரு தப்புதான். இந்தப் புத்தியை மூட்டை கட்டிக்கொண்டுதான் அய்யா சாவுக்கு ஊருக்குப் போனேன். வினை அங்கேதான் தொடங்கியது.

எனக்கு ஒரே தம்பி, சோலை. ஊரிலேயே இருந்து காட்டைப் பார்க்கிறவன். பதினோரு வருஷம் அவனோடு நான் பேசாமல் இருந்தேன்.

2

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோசையைப் பிய்த்து வாயில் வைத்தால் உள்ளே போகாமல் இடது பக்கமாக வழிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மகள் மதுமிதா ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். பதில் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. தமிழில் சொல்லியிருப்பேன், அதனால்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்; எங்கள் வீட்டில் அது தினமும் நடப்பதுதான். வசந்தியும் புரியாமல் என்னையே பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் நாக்கு பழையபடி ஆகிவிட்டது. இருபது நிமிஷம் இருக்கும். மூளைக்குப் போகிற ரத்தம் சற்று நேரம் அடைபட்டுத் தானாகவே விலகியிருக்கிறது, பெரியது வருவதற்கு முன்னால் வருகிற எச்சரிக்கை இது என்றார்கள். அப்புறம் ஃபாரங்கள். அந்த வார்டில் படுத்துக்கொண்டு என் பெயரை ஆறு பேருக்கு எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ஒவ்வொரு ஃபாரத்திலும் ‘உங்கள் இனம்’ என்று ஒரு கேள்வி. ‘ஆசியர் – இந்தியர்’ என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். நூலக அட்டையிலிருந்து மகளின் பள்ளிக்கூடச் சேர்க்கை வரைக்கும் பத்தொன்பது வருஷமாக அதே கட்டத்தில் டிக் போடுகிறேன். காஷ்மீர்க்காரனையும் பரளச்சிக்காரனையும் ஒரே கட்டத்தில் அடைத்து இவர்கள் என்னத்தைக் கண்டார்கள் என்று எனக்கு எப்போதுமே ஓர் எரிச்சல் உண்டு. அன்றைக்கும் எரிச்சலோடுதான் போட்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். குளோபிடோக்ரல். பெட்டியில் அந்தப் பெயரைப் பார்த்ததும் இன்னொரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தேன். “இது அய்யா சாப்ட்ட மாத்திரை” என்றேன்.

வசந்தி என்னைத் திரும்பிப் பார்க்காமல் பையை அடுக்கிக்கொண்டே சொன்னாள். “மாமா அத ஒழுங்கா சாப்பிடலன்னுதான இத்தன வருசமாச் சொல்றீக.”

கிளம்பும் முன் நர்ஸ் வந்து ஒரு குப்பியில் ரத்தம் எடுத்துக்கொண்டார். இந்த மாத்திரை எல்லோருக்கும் வேலை செய்யாது, உங்கள் மரபணுவில் ஒன்றைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னார். அதை நான் காதில் சரியாகப் போட்டுக்கொள்ளவில்லை.

3

அய்யாவுக்கு நெஞ்சுவலி வந்து மதுரையில் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தது, அவர் சாவதற்கு ஏழு மாதம் முன்னால். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மாத்திரை. ஒருநாள் கூட விடக்கூடாது, விட்டால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். கொடுக்கிற பொறுப்பு சோலையுடையது. பக்கத்திலிருக்கிற எம்.ரெட்டியபட்டியில் கூட அந்த மாத்திரை கிடைக்காது. அருப்புக்கோட்டைக்குப் போய்த்தான் வாங்கி வருவான். ஞாயிறு தவறாமல் நான் போன் பண்ணி மாத்திரை கொடுத்தாயா என்று கேட்பேன். குடுத்துட்டேண்ணே என்பான். எப்படி இருக்கே, காடு எப்படி இருக்கு என்று நான் கேட்டதாக ஞாபகம் இல்லை.

கார்த்திகை மழையில் ஒரு விடியற்காலை அய்யாவுக்கு மறுபடி வலி வந்து, வேனில் ஏற்றிக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஸ்டென்ட் அடைத்துவிட்டது என்றார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் எரித்துவிட்டார்கள். கொள்ளி வைக்கவும் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அந்த ஆத்திரத்தை யார் மேலாவது கொட்ட வேண்டியிருந்தது.

வீட்டில் ஆணியில் அய்யாவின் மாத்திரைப் பை, மஞ்சள் பை, தொங்கியது. எடுத்துப் பார்த்தேன். கை சும்மா இருக்குமா? மெடிக்கல் பில் உள்ளேயே இருந்தது. மூன்று அட்டை, முப்பது மாத்திரை. வாங்கிய தேதியிலிருந்து அய்யா கடைசியாகச் சாப்பிட்ட ராத்திரி வரைக்கும் இருபத்தாறு நாள். மிச்சம் நான்கு இருக்க வேண்டும். பதினான்கு இருந்தது. பாதி பிரித்த அட்டையில் நான்கு, பிரிக்காத அட்டை ஒன்றில் பத்து. பத்து நாள் கொடுக்கவில்லை என்று அங்கேயே, நின்ற இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். யாரிடமும் சொல்லாமல் பதினாறாம் நாள் வரைக்கும் அதை மனசுக்குள் வைத்திருந்தேன். அதுதான் இன்னும் கேவலம்.

பதினாறாம் நாள் எங்கள் பக்கத்தில் உருமா கட்டுவார்கள். அப்பன் போன பிறகு இனி இவர்கள்தான் அந்த வீட்டுக்கு என்று, மகன்களை வரிசையாகப் பலகையில் உட்கார வைத்து, தாய்மாமன் புதுத்துணியைத் தலையில் தலைப்பாகையாகக் கட்டிவிடுவார். பங்காளிகள் எல்லாரும் நிற்க, மாமா எனக்குக் கட்டி முடித்துவிட்டுச் சோலைக்காக அடுத்த துணியை உதறினார். நான் பிரிக்காத அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

“மாமா, அவனுக்குக் கட்டுனா நான் எந்திரிச்சுப் போயிருவேன். பத்து நா மாத்திர குடுக்காமத்தான் அய்யாவச் சாகக் குடுத்துருக்கான்.”

சோலை அட்டையைப் பார்த்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் மெதுவாகத்தான் சொன்னான். “அது முன்னாடியே வாங்குனதுண்ணே. கைவசம் இருக்கட்டும்னு.”

“கைவசம் வைக்க இது என்ன வெதப் பருத்தியாடா?” என்றேன்.

நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். சோலை பலகையிலிருந்து எழுந்து, பந்தலுக்குப் பின்னால் போய்ச் சமையல்காரரோடு சேர்ந்து அண்டா கழுவ ஆரம்பித்தான். மாமா துணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

4

கடிதம் இரண்டு பக்கம். சாரம் இவ்வளவுதான்: இந்த மாத்திரை உங்களுக்குப் பயன்படாது, வேறு மாத்திரைக்கு மாற்றுகிறோம், விவரத்துக்குக் கீழே உள்ள எண்ணில் பேசவும். பேசினேன். வரிசையில் பதினான்காவது ஆள் என்றது குரல். என் முறை வந்தபோது, கடிதத்தின் நகல் தங்களுக்கு இன்னும் வரவில்லை என்றார் அந்தப் பெண். எனக்கே வந்துவிட்டதே, படிக்கட்டுமா என்றேன். நீங்கள் படித்தால் செல்லாது என்றார். மதுமிதா போனை வாங்கி இரண்டே நிமிஷத்தில் புது மாத்திரைக்கும், மருந்தியல் ஆலோசகர் ஒருவரைப் பார்ப்பதற்கும் ஏற்பாடு செய்துவிட்டாள். இவர்கள் பாஷையில் எங்கே அழுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிகிறது.

ஆலோசகர் எத்தியோப்பியாவைச் சேர்ந்த அம்மாள், என் வயது இருக்கும். மூன்று பேரும் போயிருந்தோம். ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். இந்த மாத்திரை விழுங்கும்போது மருந்தே அல்ல. கல்லீரலில் இருக்கிற ஒரு நொதிதான் அதை மருந்தாக மாற்றுகிறது. அந்த நொதியைச் செய்கிற மரபணு ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி இருக்கும், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. எனக்கு இரண்டுமே வேலை செய்யாத வகை. பருத்தியைக் கொட்டை பிரிக்காமல் அப்படியே வைத்திருந்தால் எப்படி நூலாகும்? என் உடம்பில் ஜின்னிங் மிஷினே ஓடவில்லை என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

தெற்காசியாவிலிருந்து வந்தவர்களில் இந்த வகை நிறையப் பேருக்கு உண்டு, வெள்ளைக்காரர்களில் குறைவு என்றார். அவர் ஊரில் கதை வேறு. அங்கே இன்னொரு நொதி பலருக்கு மட்டுமீறி வேகமாக ஓடுமாம். அவர் அம்மாவுக்குப் பல் பிடுங்கிவிட்டு எல்லோருக்கும் கொடுக்கிற வலிமாத்திரையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். அது உடம்பில் சட்டென்று வீரியமாக மாறி, எழுப்பினாலும் எழாமல் கிடந்தாராம். ஒரே மாத்திரை, ஒரே அளவு, ஆனால் போய்ச் சேருகிற உடம்பு வேறு என்றார். அதற்காக ஒரு கூட்டத்தில் எல்லோரும் ஒரே மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள், எல்லாக் கூட்டத்திலும் எல்லா வகையும் உண்டு, விகிதம்தான் மாறும், அதனால்தான் கட்டத்தை நம்பாமல் ரத்தத்தை எடுத்துப் பார்க்கிறோம் என்றும் சொன்னார். நான் வெறுத்த கட்டத்தை அவரும் முழுசாக நம்பவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

பிறகு, உங்கள் அப்பா அம்மா கல்யாணத்துக்கு முன்பே சொந்தமா என்று கேட்டார். அம்மா அய்யாவுக்கு மாமன் மகள் என்றேன். மதுமிதா சட்டென்று குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். எங்கள் ஊரில் அதுதான் முறை, உரிமைப் பெண் என்று சொல்வோம் என்று விளக்கப் போனேன். ஆலோசகர் கையமர்த்தினார். குறை சொல்லவில்லை, கணக்குக்காகத்தான் கேட்டேன், சொந்தத்தில் ஒரே வகை இரண்டு பக்கமும் ஓட வாய்ப்பு கூடுதல் என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் அய்யாவும் இதே மாத்திரையைத்தான் சாப்பிட்டார், ஏழு மாதத்தில் ஸ்டென்ட் அடைத்து இறந்தார் என்று சொன்னேன். ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஸ்டென்ட் வேறு காரணங்களாலும் அடைக்கும். ஆனால் உங்களிடம் இருப்பதில் ஒரு பிரதி அவர் கொடுத்ததுதான். அவருக்கு இரண்டுமே அப்படி இருந்திருந்தால், ஒருநாள் விடாமல் சாப்பிட்டிருந்தாலும் அந்த மாத்திரை அவரைக் காப்பாற்றியிருக்காது என்றார்.

ஒருநாள் விடாமல். எனக்கு அந்தப் பிரிக்காத அட்டைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

கூடப் பிறந்தவர்கள் உண்டா என்றார். ஒரு தம்பி என்றேன். அவருக்கு இதயத்தில் ஏதாவது கோளாறு உண்டா என்றார். இல்லை என்றேன்.

வசந்தி என் முழங்கையைத் தொட்டாள். “இருக்கு. பங்குனில மதுரைல ஸ்டென்ட் வச்சாக. பேச்சிதான் போன்ல சொன்னா.” பேச்சி, சோலையின் மனைவி. இவர்கள் இருவரும் இத்தனை வருஷமும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். “ஒங்ககிட்ட எப்பிடிச் சொல்லன்னு தெரியல” என்றாள்.

மதுமிதா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். என் தம்பி நெஞ்சைப் பிளக்கிற வலியோடு மதுரைக்குப் போன செய்தியை நான் அந்நியர் ஒருவர் முன்னால், என் மகள் இன்னொரு பாஷையில் சொல்லக் கேட்டேன். ஆலோசகரின் முகம் மாறியது. அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று உடனே கேளுங்கள், தானாக எதையும் நிறுத்த வேண்டாம், இந்தக் கடிதத்தை அவர் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்றார்.

5

தள்ளிப் போட்டேன். இரண்டு நாள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வசந்தி பேச்சியிடம் சொல்லிவிடட்டும் என்று பார்த்தேன். அவள் முடியாது என்றுவிட்டாள். இது மாத்திரை சமாச்சாரம் மட்டும் இல்லை, நீங்களே பேசணும் என்றாள். மதுமிதா ஒன்றே ஒன்று கேட்டாள்: ஷீ டோல்ட் யூ ஹி குட் டை, ரைட்? சித்தப்பா செத்துப்போகலாம் என்று அந்த அம்மாள் சொன்னாரே என்கிறாள். அவளுக்குச் சித்தப்பா என்றால் ஒரு பழைய ஆல்பத்தில் அரைக்கால் சட்டையோடு நிற்கிற பையன், அவ்வளவுதான். அவளுக்கு இருக்கிற பதற்றம் கூட எனக்கு இல்லையே என்று தோன்றியது.

அந்த இரண்டு நாளும் கிடங்கில் பெட்டிகளை எண்ணிக்கொண்டே எங்கள் காட்டை நினைத்தேன். புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்போம். ஒரு மழை பெய்து முளைக்க வைத்துவிட்டு, அடுத்த மழை ஏமாற்றிவிடும், முளை கருகும். மறுபடி விதைக்க என்று ஒரு பங்கு விதையை எடுத்துத் தனியே வைத்திருப்பார்கள். வீட்டில் உலை வைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் அதில் கை வைக்கமாட்டார்கள். இந்தப் பழக்கம் விதையோடு நிற்காது. தீப்பெட்டி என்றால் இரண்டு, வாளிக் கயிறு என்றால் இரண்டு. மழைக்காலத்தில் கரிசல் ரோடு சேறாகி பஸ் வராமல் போனால் என்ன செய்வது என்று மாத்திரையிலும் ஓர் அட்டை கூடுதலாக வாங்கி வைப்பவன்தான் எங்கள் ஊர்க்காரன். அதைப் பார்த்ததும் எனக்குத்தான் முதலில் புரிந்திருக்க வேண்டும். நானே வாயால் விதைப் பருத்தி என்று சொல்லிவிட்டு, அதைக் கேலியாகச் சொன்னேன். அப்போது நான் ஊரை விட்டு எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

சனிக்கிழமை காலை போன் பண்ணினேன். ஊரில் மத்தியானம்.

“சோலை” என்றேன்.

டிராக்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. “சொல்லுங்கண்ணே” என்றான். முன்பெல்லாம் ‘சொல்லுண்ணே’ என்பான்.

எனக்கு இழுத்துப் பேச வரவில்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், அட்டையை எடுத்துப் படி என்றேன். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. பேச்சியை எடுத்து வரச் சொல்லி, எழுத்து எழுத்தாகப் படித்தான். நான்காவது எழுத்திலேயே தெரிந்துவிட்டது. அதே மாத்திரை. எனக்கு நடந்ததைச் சொன்னேன். என் உடம்பு அந்த மாத்திரையை மருந்தாக மாற்றவில்லை, நமக்கு ஒரே அப்பன் ஆத்தா, உனக்கும் அப்படி இருக்கலாம், கடிதத்தை அனுப்புகிறேன், திங்கட்கிழமையே மதுரைக்குப் போய் டாக்டரிடம் காட்டு, அதுவரைக்கும் நீயாக நிறுத்தாதே என்றேன். எல்லாவற்றுக்கும் ம் போட்டான். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அய்யாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

“அப்ப நான் குடுத்தது அவுகளுக்குச் சேரலையாண்ணே?”

“சேரலடா. நீ ஒழுங்காத்தான் குடுத்துருக்க.”

“நானே நம்பிட்டேண்ணே” என்றான். “அத்தன பேரு முன்னாடி நீங்க சொன்ன பெறகு, எனக்கே சந்தேகம் வந்துருச்சு. மழ நாள்ல அசதியில படுத்து, ரெண்டு மூணு நா விட்டுட்டமோன்னு. பேச்சிகிட்ட எத்தன தடவ கேட்டுருப்பேன், நான் குடுத்தேன்ல, நீ பாத்தேல்லன்னு. அவளும் குடுத்தீக குடுத்தீகன்னுதான் சொல்லுவா. மனசு ஆறல.”

தப்பு என்னுடையது என்றேன். மன்னித்துவிடு என்ற வார்த்தை எங்கள் பேச்சில் இல்லை; இங்கே அதைக் கடைக்காரனிடம் கூட ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்கிறேன், தம்பியிடம் சொல்ல நாக்கு எழவில்லை. இந்தத் தடவை மூளையில் அடைப்பு ஒன்றும் இல்லை. அவன், சரிண்ணே என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் என்னைத் தேற்றவில்லை. தேற்ற வேண்டிய கடமையும் அவனுக்கு இல்லை.

உருமா கட்ட வேண்டிய மாமா போன வருஷம் போய்விட்டார். இனி யார் அவனுக்குக் கட்டுவார்கள்? நான் கட்ட முடியாது, அது தாய்மாமன் செய்கிற முறை. அந்தத் துணி எங்கே இருக்கிறது என்று கூட எனக்குத் தெரியாது.

6

புதன்கிழமை அவனே கூப்பிட்டான். என் போனில் அவன் பெயர் வந்ததைப் பார்த்து நான் வேலையை விட்டுவிட்டுக் கிடங்குக்கு வெளியே ஓடினேன். டாக்டர் கடிதத்தை முழுக்கப் படித்தாராம். பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறாராம், முடிவு வரச் சில நாள் ஆகும். அதுவரைக்கும் காத்திருக்காமல் மாத்திரையை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டார். ராத்திரியிலிருந்து புதுசு என்றான்.

நல்லது என்றேன். காடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கடைசி மழை தப்பிவிட்டது, பாதி முளை கருகிவிட்டது, வைத்திருந்த விதையைப் போட்டிருக்கிறேன் என்றான். போனை வைக்கப் போகிறான் என்று நினைத்தபோது, எதையோ யோசித்துக்கொண்டு கேட்டான்.

“அண்ணே, அந்தப் பழைய மாத்திர ஒரு அட்ட பிரிக்காமக் கெடக்கு. கைவசம் இருக்கட்டும்னு வாங்குனது. அத என்ன செய்ய?”

கிடங்குச் சுவரில் சாய்ந்து நின்றேன்.

நான் பேசாமல் இருந்ததை அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். “பத்தும் அப்பிடியே இருக்குண்ணே. வேணும்னா எண்ணிச் சொல்லவா?”

“எண்ண வேண்டாம்டா” என்றேன்.